அந்தமானில் ஒரு கிடார்ப் பட்டறை

சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறும் ஒருவர், வங்கக் கடலின்மேல் சுமார் 1,200 கிலோமீட்டர் தூரம், ஏறக்குறைய மூன்று நாள் மிதந்த பின்னரே அந்தமானின் பச்சைக் கரையைக் காண்பார். விமானத்தில் வருவோருக்கு இரண்டு மணி நேரத்திற்குச் சற்று அதிகமாகும். எவ்வழியில் வந்தாலும் இறங்குமிடம் ஒன்றே. போர்ட் பிளேயர் என்று நம்மவர் நாவில் பழகிவிட்ட அந்நகருக்கு 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் அறிவித்தது. பெயர் எதுவாயினும், மேடும் பள்ளமுமான அதன் தெருக்கள் மாறவில்லை. அத்தெருக்களைப் பற்றியும், அவற்றில் ஏற இயலாத கால் ஒன்றைப் பற்றியும், அக்காலுக்கு உரியவருக்குச் சோறு போடும் ஒரு சிறு தொழிலைப் பற்றியும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அந்தக் கால் நம்முடையதே.

ஊரும் மக்களும்

அந்தமான் என்றதும் தமிழ்நாட்டில் இருப்போருக்கு நினைவில் எழுவது 1906ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற செல்லுலார் சிறை. இங்கு வாழும் நமக்கோ, அச்சிறையின் மதிலுக்குக் கீழே விரிந்திருக்கும் அபர்தீன் பஜாரும், சாத்தம் தீவிலுள்ள மரம் அறுக்கும் ஆலையும், ஹாடோ துறைமுகமுமே ஊர். 2011ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கின்படி இத்தீவுகளில் வாழ்ந்தோர் 3,80,581 பேர். அவர்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வங்காளியர், தெலுங்கர், மலையாளிகள், ராஞ்சிப் பக்கத்து ஆதிவாசிகள், நிகோபாரியர் எனப் பலரும் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருப்பதால், கடைத்தெருவில் அனைவருக்கும் பொதுவாக வழங்குவது ஒருவகை எளிய இந்தி. நம் குழந்தைகள் வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், பள்ளியில் ஆங்கிலமும் பேசி வளர்கின்றனர்.

நாம் பல ஆண்டுகள் துறைமுகத்தில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் சரக்கு மேற்பார்வையாளராகப் பணியாற்றினோம். ஒரு மழைநாளில் அடுக்கியிருந்த மரக்கட்டைகள் சரிந்து வலது காலின்மேல் விழுந்தன. உயிருக்கு ஆபத்து நீங்கியது. ஆயினும் முழங்காலுக்குக் கீழே வலு திரும்பவில்லை. கைத்தடியின் உதவியால் நடக்கலாம். பத்து நிமிஷத்திற்கு மேல் நிற்க இயலாது. சமதரையே அரிதான இந்த ஊரில் பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு வருவதே ஒரு மலையேற்றம். ஓடியாடிச் செய்யும் உத்தியோகம் நமக்கு இனி இல்லை என்பது தெளிவாயிற்று.

ஊரிலிருந்து தமையனார் கடிதம் எழுதினார். "தம்பி, குடும்பத்தோடு இங்கே வந்துவிடு. இரண்டு வேளைச் சோற்றுக்கு இந்த வீட்டில் ஒருநாளும் குறைவு வராது" என்று அதில் கண்டிருந்தது. அன்பில் குறையில்லாத கடிதம்தான். அதைப் படித்த நம் துணைவியார், "போவதென்றால் போகலாம். ஆனால் அங்கே உங்களுக்கு என்ன வேலை இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். பதில் எழுதாமல் அந்தக் கடிதத்தை ஓராண்டு பெட்டியில் வைத்திருந்தோம்.

கடற்காற்றும் கிடாரும்

நம் மகள் பள்ளியில் கிடார் வாசிப்பவள். ஒருநாள் அதன் குதிரை, அதாவது தந்திகளைத் தாங்கும் கட்டை, பசைவிட்டுப் பெயர்ந்து நின்றது. சென்னைக்கு அனுப்பிச் செப்பனிடுவதானால் கட்டிக் கொடுக்கும் பெட்டிக்கும் கப்பல் கூலிக்குமே கிடாரின் விலையில் பாதி போய்விடும் என்று விசாரித்ததில் தெரிந்தது. இளமையில் தாய்மாமனின் தச்சுப் பட்டறையில் உளியும் இழைப்புளியும் பிடித்த கை நம்முடையது. ஆகவே அக்கருவியை மடியில் கிடத்தி, இது எவ்வாறு செய்யப்பட்டிருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினோம். தொழிலின் தொடக்கம் அதுவே.

இத்தீவுகளில் கிடாருக்குக் குறைவில்லை. தேவாலயப் பாடகர் குழுக்களிலும், கல்லூரி விழாக்களிலும், சுற்றுலா விடுதிகளிலும் அது உண்டு. நிகோபாரிய இளைஞர்களிடையே அதன்மீதுள்ள பற்று தனி. ஆனால் கடற்காற்றுக்கு இக்கருவியின்மேல் இரக்கமே கிடையாது. ஆண்டில் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டும் நனைக்கும். கிடார் செய்வோர் விரும்பும் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 45 முதல் 55 வரை. இங்கோ பல மாதங்களில் அது 80ஐத் தொடும்.

ஈரம் புகுந்ததும் மேற்பலகை உப்பும். பலகை உப்பினால் குதிரை உயரும். குதிரை உயர்ந்தால் தந்திகள் விரலுக்கு எட்டாமல் மேலே நிற்கும். ஆறு எஃகுத் தந்திகளும் சுருதி கூட்டிய நிலையில் சேர்ந்து இழுக்கும் இழுவை ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமம் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு வளர்ந்த மனிதர் இரவும் பகலும் அக்கட்டையைப் பிடித்துத் தொங்குவது போன்றது அது. ஈரத்தாலும் வெயிலில் நின்ற வண்டியின் சூட்டாலும் பசை தளர்ந்தால் கட்டை பெயராமல் என்ன செய்யும்? மேலும், தந்தி துருப்பிடிக்கும். பிருடையின் பற்சக்கரங்கள் இறுகும். மின்கிடாராயின் கம்பி இணைப்புகளில் பச்சை பூத்து ஓசை கரகரக்கும்.

வீணை அறிந்த தமிழருக்கு இவை புதிய செய்திகள் அல்ல. தேன்மெழுகில் கரித்தூள் கலந்து, 24 பித்தளை மெட்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்து மேளங்கட்டும் தஞ்சைக் கைவினைஞர்களும் வெப்பத்தோடும் ஈரத்தோடும்தான் போராடுகிறார்கள். கிடாரின் மெட்டுகள் மெழுகில் அல்லாமல் மரத்தில் அறையப்பட்டவை என்பதே வேற்றுமை. தந்தியின் சரிபாதியில் 12ஆவது மெட்டு அமையவேண்டும். 648 மில்லிமீட்டர் நீளமுள்ள தந்திக்கு அது 324இல் வரும். அவ்விடத்தில் மெட்டுக்கும் தந்திக்கும் இடையே இரண்டு அல்லது இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் விரல் நோகாது. நம்மிடம் வரும் கிடார்களிலோ ஐந்து மில்லிமீட்டர்கூடக் கண்டிருக்கிறோம். வாசிக்கத் தெரியவில்லை என்று வருந்தும் பிள்ளைகள் பலருக்கு உண்மையில் குறை விரலில் இல்லை, கருவியில் இருக்கிறது.

உட்கார்ந்து செய்யும் வேலை

பழுது பார்ப்பதைக் கற்றதற்கு 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சென்னையிலிருந்து கடலடியில் வந்து சேர்ந்த கண்ணாடியிழைக் கம்பிக்கு நன்றி சொல்ல வேண்டும். அதற்குமுன் ஒரு படம் திறப்பதற்குள் காபி ஆறிவிடும். பின்னரோ, உலகின் எந்த மூலையிலுள்ள கைவினைஞரும் வேலை செய்வதை வீட்டிலிருந்தே காண முடிந்தது. கழுத்துக்குள் பொதிந்திருக்கும் இரும்புக் கம்பியைக் கால் திருகு மட்டும் முறுக்கி, கழுத்தின் வளைவை நேராக்குவது ஒரு பாடம். இக்கம்பிக்கு 1920களில் அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் காப்புரிமை பெற்றது. அவசரப்பட்டு முறுக்கினால் கம்பி ஒடியும். கால் திருகு திருப்பி, மரம் அமைதியடையக் காத்திருந்து, மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். தேய்ந்த மெட்டுகளை அரத்தால் சமன் செய்து, மீண்டும் உருட்டுவது இன்னொரு பாடம்.

ஆனால் அப்படங்களில் காணும் கைவினைஞர் அனைவரும் நின்றுகொண்டே வேலை செய்தனர். உயர்ந்த மேசையைச் சுற்றி நடந்து, கருவியின் நான்கு பக்கமும் செல்கின்றனர். நமக்கு அது ஆகாது. எனவே, மனிதர் கருவியைச் சுற்றுவதற்குப் பதிலாகக் கருவி மனிதர் முன் சுற்றட்டும் என்று தீர்மானித்தோம். பழைய சாப்பாட்டு மேசையின் கால்களை அறுத்துத் தாழ்த்தினோம். அதன்மேல் சுழலும் பலகை ஒன்றைப் பொருத்தி, கம்பளித் துணி ஒட்டி, கழுத்தைத் தாங்க ஒரு கவட்டைக் கட்டையும் அமைத்தோம். கிடார் இரண்டு கிலோ அளவே எடையுள்ளது, சுழற்றுவது எளிது. அரம், உளி, திருப்புளி, ஸ்பேனர் அனைத்தும் உட்கார்ந்த இடத்திலிருந்து கை நீட்டும் தூரத்தில் எதிர்ச் சுவரில் தொங்கும். வாயிற்படியை எடுத்துவிட்டுச் சாய்தளம் போட்டோம். விலையுயர்ந்த கிளாம்புகளுக்குப் பதிலாகச் சைக்கிள் ட்யூபை நீளவாட்டில் கிழித்து வாராக்கி, ஒட்டிய பாகத்தை இறுகச் சுற்றுகிறோம். அது மரத்தை வடுப்படுத்துவதில்லை. ஒரு கையாலேயே சுற்றலாம்.

ஈரத்தை வெல்ல வேறோர் ஏற்பாடு செய்தோம். பழைய துணி அலமாரி ஒன்றினுள் 40 வாட் குண்டு பல்பு ஒன்று இரவு பகலாக எரியும். ஈரமானி ஒன்றும் தொங்கும். வரும் கிடார் எதுவாயினும் இரண்டு நாள் அதனுள் இருந்து உலர்ந்த பிறகே பசை தொடுகிறோம். உலராத மரத்தில் ஒட்டும் வேலை நீரில் எழுதும் எழுத்து.

மரத்தைப் பற்றியும் ஒரு சொல். இத்தீவுகளின் சிறப்பு மரமாகிய படாக், செந்நிறமும் உறுதியும் வாய்ந்தது; கிடாரின் முதுகுக்கும் பக்கங்களுக்கும் தகுந்தது. சாத்தம் ஆலை 1883 முதல் இம்மரத்தை அறுத்துப் பெயர் பெற்றது. ஆனால் 2002ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீவுகளில் மரம் வெட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தது. காடு இருந்தால்தான் தீவு இருக்கும். ஆகவே அது நல்லதே. நமக்கு வேண்டுவதோ உள்ளங்கை அளவுத் துண்டுகள். மேசை நாற்காலி செய்யும் தச்சர்கள் கழித்துப்போடும் பழந்துண்டுகளே போதுமானவை. படாக்கின் தூள் மூக்கையும் தோலையும் உறுத்தும். முகத்தில் துணி கட்டாமல் அரத்தைத் தொடக்கூடாது.

முன் சென்றவர்கள்

சோர்வு தட்டும் நாள்களில் நமக்கு முன் இவ்வழி சென்றவர்களை நினைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ பெண்டர் எட்டு வயதில் இடக்கண்ணை இழந்தார். கணக்கு வேலையையும் பொருளாதார மந்தத்தில் இழந்த அவர், 1938ஆம் ஆண்டில் 600 டாலர் கடன் வாங்கிப் புல்லர்ட்டன் என்ற சிற்றூரில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்தார். பாட்டுக்காரர்கள் தங்கள் ஒலிபெருக்கிகளையும் கிடார்களையும் அவரிடம் கொண்டுவரலாயினர். எங்கே உடைகிறது, ஏன் உடைகிறது என்று பார்த்துப் பார்த்தே, எளிதில் கழற்றிச் செப்பனிடக்கூடிய கிடாரை அவர் வகுத்தார். 1954இல் வெளிவந்த அவருடைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் இன்று உலகம் எங்கும் உண்டு. அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது என்பது வியப்புக்குரியது. 1991இல் மறையும்வரை, கை நடுங்கும் நோயுற்ற நிலையிலும், பட்டறைக்குச் செல்வதை அவர் விடவில்லை.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் டோனி அயோமி என்ற இளைஞர் 1965இல் ஆலை இயந்திரத்தில் இரு விரல் நுனிகளை இழந்தார். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறை செய்துகொண்டார், மெல்லிய தந்திகளைப் பூட்டினார், வாசித்தார். விரல் மாறியபோது தந்தியை மாற்றினார் என்பதே இதில் பாடம்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954ஆம் ஆண்டு நேர்ந்த மோட்டார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சைகளைச் செய்தார். உடல் ஊனமுற்றோர் தங்கிப் பயிலும் மறுவாழ்வு நிலையத்தை 1966இல் வேலூரில் நிறுவினார். சிகிச்சைக்காக அங்கே சென்றிருந்தபோதுதான் அவர் வரலாற்றை அறிந்தோம். அறுவை மேசையைத் தாழ்த்த முடியுமானால் தச்சு மேசையைத் தாழ்த்த முடியாதா என்ற எண்ணம் அப்போதே விதையாக விழுந்தது.

கப்பலுக்கு முந்திய வேலை

ஒரு டிசம்பர் மாதம் கார் நிகோபாரைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் மூன்று கிடார்களைத் தோளில் சுமந்து வந்தார். அவர்களுடைய கிராமத்துப் பாடகர் குழுவின் கருவிகள் அவை. கார் நிகோபார் இங்கிருந்து சுமார் 270 கிலோமீட்டர் தெற்கே உள்ளது. பழங்குடியினர் பாதுகாப்புக்காக 1956இல் இயற்றப்பெற்ற சட்டத்தின்படி வெளியார் அனுமதியின்றி அங்கே செல்லலாகாது. ஆகவே தொழிலாளி போக முடியாது, கருவிதான் வரவேண்டும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அத்தீவின் கரையோரக் கிராமங்களை அழித்துச் சென்றதை நேயர்கள் அறிவர். அதற்குப்பின் வரும் ஒவ்வொரு கிறிஸ்துமஸும் அவர்களுக்கு மகிழ்ச்சி மட்டும் அன்று; மறுநாள் நினைவு நாள். பாட்டின்றி அவ்விரு நாள்களும் அவர்களுக்கு இல்லை.

கப்பலுக்கு நான்கு நாள் இருந்தது. மழையோ விடவில்லை. ஒன்றுக்குத் தந்தி மாற்றி மெட்டு தீட்டினால் போதும். இரண்டாவதற்குக் குதிரை பெயர்ந்திருந்தது. மூன்றாவதன் கழுத்து அடிப்பாகத்தில் பிளந்து, பூஞ்சையும் ஏறியிருந்தது. அந்த மூன்றாவதை இப்போது நம்மால் செம்மையாகச் செய்ய இயலாது, ஒட்டிக் கொடுத்தால் பாட்டின் நடுவிலேயே விட்டுவிடும் என்று இந்தியில் விளக்கிச் சொன்னோம். அவர் முகம் வாடியது, ஆயினும் ஒப்புக்கொண்டார். குதிரை பெயர்ந்ததை இரண்டு நாள் பல்பு அலமாரியில் உலர்த்தி, பழம்பசையைச் சுரண்டி, புதுப்பசையிட்டு, ட்யூப் வாரால் கட்டி ஒரு முழு நாள் தொடாமல் வைத்தோம். நான்காம் நாள் விடியற்காலையில் தந்தி பூட்டி, ஒவ்வொரு திருகாகச் சுருதி ஏற்றினோம். கட்டை அசையவில்லை.

அன்று பட்டறையில் நம்மோடு அமர்ந்திருந்தவர் கச்சால் தீவிலிருந்து வந்த ஒரு பெரியவர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய தமிழரில் சில குடும்பங்கள் கச்சாலின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. அவர்களில் இவர் ஒருவர். நாம் அரம் பிடிப்பதை நெடுநேரம் பார்த்திருந்த அவர், "தம்பி, ரப்பர் சீவுவதும் இதே கணக்குத்தான். பட்டையை மட்டும் சீவணும், மரத்தைத் தொட்டால் அடுத்த வருஷம் பாலில்லை" என்றார். மெட்டுக்கு அரம் போடும் எவருக்கும் இதைவிடச் சிறந்த போதனை இல்லை.

ஜனவரியில் அம்மாணவர் திரும்பினார். இரண்டு கிடார்களும் நன்றாகப் பாடின என்றும், மூன்றாவதைத் திருத்த எவ்வளவு நாள் ஆனாலும் காத்திருப்பதாகவும் ஊரார் சொல்லியனுப்பினராம். கூடவே ஒரு சாக்குத் தேங்காயும் வந்தது. அன்றிரவுதான் தமையனாருக்குப் பதில் எழுதினோம்: "அண்ணா, தங்கள் அன்புக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். பொங்கலுக்கு விருந்தாளிகளாக வருகிறோம், குடியிருக்க அல்ல."

தொடங்க எண்ணுவோருக்கு

இத்தொழிலில் செல்வம் குவியும் என்று சொல்வதற்கில்லை. மழை மாதங்களில் வேலை மிகுதி, கோடையில் குறைவு. தந்தி, பிருடை முதலியவற்றைச் சென்னையிலிருந்து வருவோர் வழியாகவோ தபாலிலோ தருவிக்க வேண்டியிருப்பதால் கையில் எப்போதும் மூன்று மாதச் சரக்கு இருக்க வேண்டும். கருவியைப் பெறும்போதே கூலியையும் நாளையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தெரியாத வேலையை ஏற்கக்கூடாது. வரவு செலவை அன்றன்றே எழுத வேண்டும். நம் கணக்கை எழுதுபவள் மகள்.

அரசின் உதவியையும் அறிந்திருப்பது நன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. அடையாள அட்டை பெறுவது முதற்படி. மாற்றுத்திறனாளர்க்குக் கடன் வழங்குவதற்கென்றே ஒரு தேசியக் கழகம் 1997இல் அமைக்கப்பெற்றது. 2008இல் தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில், மாற்றுத்திறனாளர் நூற்றுக்கு 5 பங்கு கைமுதல் போட்டால் போதும் என்றும், நகரத்தில் 25 பங்கும் கிராமத்தில் 35 பங்கும் மானியம் என்றும் விதி செய்யப்பட்டது. விண்ணப்பிக்கும் நாளில் எத்திட்டம் நடப்பில் உள்ளதென்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறிதல் வேண்டும்.

அன்பர்களே! கடல் கடந்து வந்த நம் குடும்பங்களில் உழைப்பே உறவினர். அந்த உழைப்பு ஒருவருக்கு விபத்தாலோ நோயாலோ தடைப்பட்டால், வீட்டார் முதலில் கொண்டுவருவது தலையணை. அதுவும் வேண்டியதே. ஆனால் காயம் ஆறியபின், அவர் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு மேசையையும் போட்டுக் கொடுங்கள். அது கடிகாரமாகலாம், தையல் இயந்திரமாகலாம், ரேடியோவாகலாம். எது ஆனாலும், அவரைத் தேடி நாலுபேர் வாசலுக்கு வரும்படியான ஒரு வேலையாக இருக்கட்டும்.

கார் நிகோபார் பாடகர் குழுவின் மூன்றாவது கிடார் இப்போது நம் அலமாரியில் பல்பின் வெளிச்சத்தில் உலர்ந்துகொண்டிருக்கிறது. பிளந்த கழுத்துக்குப் பொருந்தும் படாக் துண்டு ஒன்று சென்ற வாரம் தச்சர் ஒருவரிடம் கிடைத்தது. அடுத்த டிசம்பர்க் கப்பலுக்கு அது தயாராகிவிடும்.